மூன்றாவது பிரதி

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதைக் காப்பாற்ற எது நல்ல வழி? கடைக்காரர் சொல்லும் பதில் போதாது.

நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில் காகிதத்தின் அருமை தெரியாத வீடு கிடையாது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம். வீடு ஒரு மாநிலம், தென்னந்தோப்பு இன்னொரு மாநிலம் என்று ஆன குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது நிலத்தின் ஆதாரம். தமிழ்நாட்டில் பத்திரம் என்பதை இங்கே ஆதாரம் என்பார்கள். நிலத்துக்கு ஆதாரம் அதுதான் என்பதால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்த ஆதாரத்தின் அசல் வீட்டு அலமாரியில் இருக்கும். அதன் நகல் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் இருக்கும். வீடு எரிந்தாலும் வெள்ளம் புகுந்தாலும் மனு எழுதிக் கட்டணம் கட்டினால் சான்றிட்ட நகல் கிடைக்கும். 2018 ஆகஸ்டில் கேரளமே வெள்ளத்தில் மூழ்கியபோது பல்லாயிரம் குடும்பங்கள் ரேஷன் கார்டிலிருந்து பள்ளிச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் இழந்தன. அரசாங்கம் அதாலத்துகள் நடத்தி, காணாமல்போன ஆவணங்களை மறுபடியும் எடுத்துக் கொடுத்தது. கொடுக்க முடிந்ததற்குக் காரணம், அவை ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஓர் ஆபீஸில் இன்னொரு பிரதி இருந்ததுதான்.

திருப்பிக் கொடுக்க முடியாமல்போனவை வேறு. கல்யாண ஆல்பம், கல்ஃபிலிருந்து வந்த கடிதங்கள், இறந்துபோனவரின் டைரி. இவற்றுக்கு எந்த சப்-ரிஜிஸ்திராரும் நகல் வைத்துக்கொள்வதில்லை. இன்று இவையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் குடிபோய்விட்டன. நகல் எடுக்கும் பொறுப்பும் சத்தமில்லாமல் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. அது வந்ததைப் பல வீடுகள் கவனிக்கவில்லை.

கோட்டுகாலில் ஒரு மாஷ் இருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் மாஷ்தான். வீட்டில் பேச்சு தமிழ், வெளியே மலையாளம். 1998 முதல் மலையாளக் கதைகளைத் தமிழில் மொழிபெயர்த்துக் கம்ப்யூட்டரில் அடித்து வைக்கிறார். கொஞ்சம் அச்சாகியிருக்கிறது, பெரும்பகுதி ஆகவில்லை. அதே கம்ப்யூட்டரில் மகள் கல்யாண வீடியோ, மஸ்கட்டில் பிறந்த பேத்தியின் படங்கள், நில ஆதாரத்தை ஸ்கேன் செய்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அம்மாவின் குரல். தொண்ணூறுகளில் ஒரு கேசட்டின் இரண்டு பக்கமும் அம்மா பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டும். கேசட் இறுகிச் சிக்கத் தொடங்கியபோது அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, இனிக் கவலையில்லை என்று நினைத்தார்.

மாஷ் அலட்சியமான ஆளும் இல்லை. மருமகன் வாங்கிக் கொடுத்த வெளி ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்திருந்தார். வசதிக்காக அதை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தார். அங்கேதான் வினை.

துலா மாதத்து மழை கடற்கரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பிற்பகல் வரை வெயில் காயும். நான்கு மணிக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் கறுக்கும். பிறகு இடி. அப்படி ஒரு மாலையில் மின்கம்பி வழியாக வந்த மின்னல் கம்ப்யூட்டரையும் அதில் செருகியிருந்த டிஸ்க்கையும் ஒரே நொடியில் தீர்த்துவிட்டது. அசலும் நகலும் ஒரே மின்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன, சேர்ந்தே போயின. ஒரே பெட்டிக்குள் வைத்த இரண்டு ஆதாரங்கள் கணக்கில் ஒன்றுதான்.

திருவனந்தபுரத்தில் டிஸ்க்கை மீட்டுத் தரும் கடை ஒன்றில் கொடுத்து, கேட்ட பணத்தைக் கட்டி, ஒரு மாதம் காத்திருந்தார். முக்கால்வாசி வந்தது. ஆனால் ஃபைல்களின் பெயர்கள் வரவில்லை. இருபது வருஷ உழைப்பு ஆயிரக்கணக்கான எண்களாகத் திரும்பி வந்தது. 00417 என்ற ஃபைலைத் திறந்தால் பேத்தியின் படம், 00418 மின் கட்டண ரசீது. அம்மாவின் கேசட்டில் ஒரு பக்கம் கிடைத்தது. தாலாட்டு இருந்தது. நடவுப் பாட்டு இல்லை.

பழைய கேசட்டைத் தேடினார்கள். இடம் அடைக்கிறது என்று எப்போதோ வீசியிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் எந்த வழி நல்ல வழி என்ற விசாரணை வீட்டில் ஆரம்பித்தது. ஆளுக்கொரு யோசனை. அடுத்த வீட்டுப் பையன் பென் டிரைவ் என்றான். மருமகன் இன்னும் பெரிய ஹார்ட் டிஸ்க் என்றார். நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இளைஞர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாரே, இந்தக் காலத்துல டிஸ்க் எல்லாம் எதுக்கு? கிளவுட்ல போட்டுட்டு நிம்மதியா உறங்குங்க."

மூவரும் சொன்னதில் உண்மை உண்டு. மூவரும் சொல்லாமல் விட்டதும் உண்டு.

பென் டிரைவ் கொண்டுபோவதற்கு உரியது, வைத்திருப்பதற்கு உரியது அல்ல. சட்டைப் பையில் போகும், சலவைக்கும் போகும். அதற்குள் இருக்கும் எழுத்துகள் மின்னேற்றமாக நிற்பவை. மின்சாரம் காணாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அது மெல்லக் கசிந்துபோகக்கூடும். எஸ்எஸ்டி என்று விற்கும் புது வகை டிஸ்க்கும் வேலையில் வேகமே தவிர, பரணில் போட்டு மறந்துவிடுவதற்கு ஏற்றதல்ல.

சுழலும் தட்டு உள்ள பழைய வகை ஹார்ட் டிஸ்க் விலை குறைவு, கொள்ளளவு அதிகம். வீட்டு வீடியோக்களுக்கு இன்றும் அதுவே கட்டுப்படியாகும். ஆனால் அது ஒரு யந்திரம். தேயும். கீழே விழுந்தால் தீர்ந்தது. உப்புக்காற்று வீசும் கோட்டுகால் மாதிரி ஊர்களில் ஈரமும் துருவும் கூடுதல் எதிரிகள். மூடி இறுக்கமான டப்பாவில், மருந்துக் குப்பிகளோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வைப்பது நல்லது. நாலைந்து வருஷம் ஆனால், அது நன்றாக ஓடும்போதே புதிதுக்கு மாற்றிவிடுவது அதைவிட நல்லது.

சிடி, டிவிடி என்று நம்பியவர்கள் கதை வேறு. நூறு ஆண்டு தாங்கும் என்று விளம்பரம் செய்தார்கள். வீட்டில் எழுதும் சிடியில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. மலிவான சிடிகளில் அந்தச் சாயம் பத்து வருஷத்துக்குள் வெளுத்தது உண்டு. ஈரமான அலமாரிகளில் பூஞ்சை பிடித்ததும் உண்டு. தப்பிய சிடியைப் போட்டுப் பார்க்கலாம் என்றால், இன்று விற்கும் லேப்டாப்புகளில் அதற்கு வாயே கிடையாது.

கிளவுட் என்பது மேகம் அல்ல; இன்னொருவருடைய கம்ப்யூட்டர். எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில், நல்ல காவலில் இருக்கும் கம்ப்யூட்டர். கோட்டுகாலில் விழும் இடி அதைத் தொடாது. இது பெரிய லாபம்; மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்று விஷயங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதலாவது, வேகம். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் மேலே அனுப்பும் இணைப்பு வழியாக 500 ஜிபி அனுப்ப இரவும் பகலும் ஓய்வில்லாமல் நாலரை நாளுக்கு மேல் ஆகும். கரண்ட் போகாமல் இருந்தால்.

இரண்டாவது, நிபந்தனை. இலவசம் என்று வாசலில் எழுதியிருப்பது எப்போதும் அப்படியே இருக்காது. கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் படங்களை இலவசமாக வைக்கலாம் என்ற சலுகை 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. இரண்டு வருஷம் யாரும் எட்டிப் பார்க்காத கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை அதே நிறுவனம் 2023 டிசம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தது. வீட்டுப் பெரியவர் காலமாகி, பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாமல் இரண்டு வருஷம் கழிவது அதிசயமான சம்பவம் அல்ல.

மூன்றாவது முக்கியமானது. கம்ப்யூட்டரிலும் கிளவுடிலும் ஒரே மாதிரி இருக்கும்படி தானாகவே பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பலரும் நகல் என்று நினைக்கிறார்கள். அது கண்ணாடி. இங்கே தப்பாக அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். குப்பைத்தொட்டியில் முப்பது நாள் இருக்கும். முப்பத்தோராம் நாள் ஞாபகம் வந்தால் பிரயோசனம் இல்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகமெங்கும் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டபோது, கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களின் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் மாட்டிக்கொண்டன. அந்த ஜாதி வைரஸ் கம்ப்யூட்டரைப் பூட்டும்போது அதில் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். இடிக்கும் வைரஸுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. செருகாமல் வைத்த டிஸ்க்தான் தப்பும்.

பெரிய இடங்கள் மட்டும் ஒழுங்காக இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் கடைசியில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கக் கம்ப்யூட்டர் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் காகிதங்களை வைத்திருந்த கிளவுட், 858 டெராபைட், திரும்பி வராமல் போனது. அதற்கு வெளியூரில் நகல் இல்லை. அளவு மிகப் பெரிது, ஆகவே நகல் எடுக்க இயலவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். உலகத்துக்கே கம்ப்யூட்டர் சாமான் விற்கும் நாட்டின் நிலைமை இது.

இந்த வித்தையில் பழகியவர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: மூன்று, இரண்டு, ஒன்று. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலப்படுத்தியது. மூன்று பிரதி இருக்க வேண்டும். இரண்டு வேறு வேறு வகைப் பொருளில் இருக்க வேண்டும். ஒன்று வெளியிடத்தில் இருக்க வேண்டும். புதிதாக ஒன்றும் இல்லை. சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸின் தத்துவம்தான்.

சொல்லப்போனால் அதைவிடப் பழையது. இந்தத் தெற்கு முனையில் ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் முன்பே தெரியும். ஓலைக்கு ஆயுள் உண்டு. கறையானும் ராமபாணப் பூச்சியும் ஈரமும் அதை விடா. பழசு உதிர்வதற்கு முன் புது ஓலையில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியவை நின்றன, எழுதாதவை போயின. காளிதாசனே பெயர் சொல்லிப் புகழ்ந்த பாசனின் நாடகங்கள் இந்தியாவில் எங்கும் இல்லை என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் ஒரு மடத்தில் மலையாள எழுத்தில் இருந்த சுவடிக் கட்டு கணபதி சாஸ்திரியின் கையில் அகப்பட்டது. 1912 முதல் திருவனந்தபுரத்தில் அவை அச்சேறின. உலகம் தொலைத்த நாடகங்கள் கல்குளம் தாலுகாவில் பத்திரமாக இருந்தன. யாரோ ஒருவர் தூரதேசத்தில் ஒரு பிரதி எழுதி வைத்ததன் பலன்.

எதிர்க்கதையும் இந்த நிலத்தின் கதைதான். சேர அரசர்களைப் பாடிய பதிற்றுப்பத்தை உ.வே.சாமிநாதையர் 1904இல் பதிப்பித்தார். பத்துப் பத்துகளில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. கிடைத்த சுவடிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. எல்லாவற்றிலும் அதே இரண்டு பத்துகள்தான் இல்லை. குறையுள்ள ஒரு பிரதியைப் பார்த்து எழுதிய பிரதி எத்தனை இருந்தாலும் குறை தீராது. கண்ணாடி நகலை நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஒரே இடத்தில் வைப்பதன் விலையும் தமிழர்களுக்குத் தெரிந்ததே. 1981 ஜூன் 1ஆம் தேதி விடிவதற்குள் யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை அதில் இருந்தன. அச்சுப் புத்தகம் இன்னொரு ஊரில் கிடைத்துவிடும். ஒற்றைச் சுவடி கிடைக்காது.

மாஷின் வீட்டில் எல்லோரும் மூன்று, இரண்டு, ஒன்று என்ற சூத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். புது டிஸ்க் இரண்டு வந்தன. மீண்டு வந்த ஃபைல்களைத் திறந்து பெயர் வைக்கும் வேலையை மாஷ் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் செய்தார். அப்போதுதான் இரண்டாவது சங்கடம் தலைகாட்டியது.

1998இலும் அதையடுத்த சில வருஷங்களிலும் அடித்த மொழிபெயர்ப்புகள் திறந்தன. ஒரு பைட்கூடக் குறையவில்லை. ஆனால் திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் வாரி இறைத்தது போல இருந்தன.

அந்தக் காலத்தில் தமிழில் டைப் செய்தவர்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு எழுத்துரு செய்தது. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்தார்கள். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அதைப் பேச வெகுகாலம் ஆயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் பொது ஏற்பாடு செய்தார்கள். அதற்குப் பிறகும் டாம், டாப், டிஸ்கி என்று வழிகள் பல இருந்தன. மலையாளத்தின் கதையும் இதேதான். மாஷ் இரண்டிலும் வேலை செய்தவர். அவருக்குச் சங்கடமும் இரட்டை.

ஆக, அழியாமல் வைத்திருப்பது ஒன்று, படிக்கும்படி வைத்திருப்பது மற்றொன்று. பழைய எழுத்துக்களை யூனிகோடாக மாற்றும் நிரல்கள் இருக்கின்றன. அவை நூற்றுக்கு நூறு சரியாக மாற்றுவதில்லை. ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் அடித்தவர்கள் உண்டு. துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை அடித்தவர்கள் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஆகவே வரி வரியாகப் படித்துத் திருத்த வேண்டும். ஓலையைப் பெயர்த்து எழுதியவர்கள் செய்த அதே வேலை, அதே பொறுமை. பழைய ஃபைலை வீசிவிடாமல், எழுத்துருவையும் அதோடு வைத்து, பக்கத்தில் திருத்திய யூனிகோட் பிரதி. முக்கியமானவற்றைக் காகிதத்தில் அச்செடுத்தும் வைக்கலாம். காகிதத்துக்கு எந்த நிரலும் வேண்டாம், வெளிச்சம் போதும்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. எழுத்துக்கு இடம் மிகக் குறைவு. முன்னூறு பக்கத் தமிழ் நாவல் யூனிகோடில் ஒன்றிரண்டு எம்பி. மாஷின் இருபத்தைந்து வருஷ மொழிபெயர்ப்பும் பேத்தியின் ஒரு பிறந்தநாள் வீடியோவைவிடச் சிறியது. 500 ஜிபியை எங்கே வைப்பது என்று திகைத்துப்போய் ஒன்றுமே செய்யாமல் இருக்கும் வீடுகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். போனால் திரும்ப வராதது எது, போனாலும் பரவாயில்லை எது என்று பிரித்தால் முதல் குவியல் ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னதாக இருக்கும். அதை கிளவுடில் போட நாலரை நாள் வேண்டாம். ஒரு மாலை போதும். அப்படிப் பார்த்தால் வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

மாஷ் பிரித்தார். எழுத்து, அம்மாவின் தாலாட்டு, ஆதாரங்களின் ஸ்கேன், படங்களில் பொறுக்கியெடுத்த நானூறு. இது முதல் குவியல். இதற்கு இரண்டு டிஸ்க்கும் கிளவுடும் உண்டு. எழுத்துக்கு மட்டும் அச்சுப் பிரதியும் உண்டு. மற்ற வீடியோவும் படமும் இரண்டு டிஸ்க்கில் மட்டும். ஒரு டிஸ்க் அலமாரியில், செருகாமல். இன்னொன்று எல்லை தாண்டி, குழித்துறையில் அக்கா வீட்டில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அக்காவைப் பார்க்கப் போகும்போது இது போகும், அது வரும். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, நில ஆதாரம் இருக்கும் உறைக்குள் வைத்தார். எந்தக் குடும்பமும் முதலில் தேடுவது அந்த உறையைத்தான்.

ஓணத்துக்கு மகள் வந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். மெச்சினாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்பா, இத மோளு எப்படி வாயிக்கும்? அவளுக்குத் தமிழ் எழுத்து அறியாதே."

மூன்றாவது சங்கடம் இது. இதற்குக் கடையில் எந்தச் சாமானும் கிடையாது.

எல்லைக் கிராமங்களில் பல வீடுகளின் நிலை இதுதான். தாத்தா தமிழில் எழுதுவார். மகள் தமிழில் பேசுவாள், மலையாளத்தில் எழுதுவாள். பேத்திக்குத் தமிழ் காதில் விழும் மொழி மட்டும். டிஸ்க் கெடாமல் இருக்கலாம், யூனிகோட் மாறாமல் இருக்கலாம். படிக்கிற ஆள் இல்லாவிட்டால் அந்த ஃபைலும் எண் மட்டும் மிஞ்சிய ஃபைல்தான். திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் சுவடிகள் லட்சக்கணக்கான ஓலைகள். வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் மலையாண்மையிலும் தமிழிலும் எழுதியவை. ஆவணக் காப்பகம் அவற்றைப் பாதுகாக்கிறது; 2022இல் கோட்டைப் பகுதியில் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். ஓலைகள் பத்திரம். அவற்றைத் தடங்கலின்றிப் படிக்கத் தெரிந்தவர்களை எண்ணத்தான் ஒரு கையின் விரல்களே போதுமோ என்று பயமாக இருக்கிறது.

மகள் கேட்டதற்கு மாஷ் அன்று பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் புதிதாக ஒரு ஃபைல் திறந்தார். 'இதில் என்ன இருக்கிறது' என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு தொகுப்பைப் பற்றியும் நாலு வரி, தமிழிலும் மலையாளத்திலும். இந்தக் குரல் யாருடையது, எந்த ஊரில் பிறந்தவள், எந்தப் பாட்டு, யாரைத் தூங்க வைக்கப் பாடினாள். இந்தப் படத்தில் இடது ஓரத்தில் நிற்பவர் யார். இந்த மொழிபெயர்ப்பின் மூலக்கதை எது. காணாமல்போன நடவுப் பாட்டில் தனக்கு நினைவிருக்கும் வரிகளைத் தாமே பாடிப் பதிவுசெய்து, இது அம்மா பாடியதல்ல, மகன் நினைவிலிருந்து பாடியது என்று குறிப்பும் எழுதினார். பிரதி எழுதுகிறவன் மூலத்துக்குச் செய்யும் மரியாதை அது.

இனி வருஷத்துக்கு ஒருமுறை சோதனை. மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று சொல்ல முடியாது. மார்ச் 31ஐ உலக பேக்கப் தினம் என்று கொண்டாடுகிறார்கள். மாஷ் அதற்கு நவராத்திரியை வைத்துக்கொண்டார். வருஷாவருஷம் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி புறப்பட்டு, குழித்துறையில் ஒரு ராத்திரி தங்கி, களியக்காவிளையில் எல்லை தாண்டி, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரையில் ஒரு ராத்திரி தங்கித் திருவனந்தபுரம் போவாள். 1956இல் போட்ட எல்லைக்கோடு அவளை நிறுத்தவில்லை. புத்தகங்களைப் பூஜைக்கு வைத்துவிட்டு ஒருவரும் படிக்காத நாட்களில் கம்ப்யூட்டருக்கும் ஓய்வு. விஜயதசமியன்று எடுக்கும்போது, இரண்டு டிஸ்க்கிலும் கிளவுடிலும் கைபோன போக்கில் பத்துப் பத்து ஃபைலாகத் திறந்து பார்ப்பது. திறக்காதது எது என்று அன்றே தெரிந்துவிடும். ஓணமோ கிறிஸ்துமஸோ, ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரும் எந்த நாளும் இதற்குச் சரிதான். மறக்க முடியாத நாளாக இருந்தால் போதும்.

மகள் மஸ்கட்டுக்குத் திரும்பும்போது பெட்டியில் ஏத்தன் சிப்ஸும் சக்கை வரட்டியும் போயின. அவற்றுக்கு நடுவே ஒரு துண்டில் சுற்றி மூன்றாவது டிஸ்க்கும் போனது. குழித்துறையிலும் கோட்டுகாலிலும் ஒரே புயல் அடிக்கலாம். 2017இல் ஒக்கி அப்படித்தான் எல்லை பார்க்காமல் அடித்தது. மஸ்கட் வரை அது எட்டாது. அந்த டிஸ்க்கில் கூடுதலாக இருந்தது ஒன்றே ஒன்று. பேத்திக்காக மாஷ் தன் குரலில் பதிவுசெய்த உயிரெழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லோடு. அ என்றால் அம்மா என்று எல்லோரையும் போலவே தொடங்கியிருக்கிறார். அடுத்த ஃபைலாக அந்த அம்மா பாடும் தாலாட்டை வைத்திருக்கிறார்.